வாயில் நேர்தல்

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு வாசற்கதவைப் பற்றிப் பெரிய யோசனை இருப்பதில்லை. சொந்தமாக ஒரு கூரை போட்டவருக்கோ வாசலை எந்தப் பக்கம் வைப்பது, மறுசாவியை யாரிடம் கொடுப்பது, அகாலத்தில் தட்டுவோருக்குத் திறக்கலாமா என்று ஓயாத கேள்விகள். இணையத்திலும் நிலை இதுவே. எங்கள் தமிழ்த்துறை காணொளிக் கூட்டங்களுக்கென ஒரு வழங்கியை, வழக்கில் சொல்வதானால் ஒரு சர்வரை, தானே நிறுவித் தானே நடத்திவருகிறது. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எங்களுக்கு அது வேண்டாத வேலை என்று சொன்னவர்கள் உண்டு. இலக்கிய இதழ் படிப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்கலாம். யார் உள்ளே வரலாம், யார் அவையை நடத்தலாம், சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்னும் வினாக்கள் கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே எங்கள் மறுமொழி.

எங்களுடையது கொங்கு நாட்டுச் சிறுநகர் ஒன்றின் கல்லூரி. மாணவர்களில் பலர் தறிக் குடும்பத்துப் பிள்ளைகள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, அந்நேரத்தில் கைக்குக் கிடைத்த ஒரு சேவையின் வழியே வகுப்புகளை நடத்தினோம். ஒருநாள் அயலான் ஒருவன் வகுப்புக்குள் புகுந்து எழுதத் தகாத சொற்களைப் பேசினான். அவனை வெளியேற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் மாணவி ஒருத்தியின் வீட்டார் அதன்பின் அவள் கையில் கைப்பேசியைத் தரவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவளை நாங்கள் வகுப்பில் காணவில்லை. காவலற்ற வாயிலின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது அன்று எங்களுக்கு விளங்கியது.

ஊரடங்கு காலத்திலேயே சனிக்கிழமை மாலைகளில் நற்றிணை வாசிப்பு ஒன்றையும் தொடங்கினோம். பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு பாடல்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் என இருபது பேருக்குக் குறையாமல் கூடினர். இதற்கு ஜிட்சி என்னும் கட்டற்ற மென்பொருளின் பொதுத்தளத்தைப் பயன்படுத்தினோம். 2003இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்னும் பல்கேரிய மாணவர் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது அது. பல்கேரிய மொழியில் அப்பெயருக்குக் கம்பிகள் என்று பொருள். கணக்கு வேண்டாம், கட்டணம் வேண்டாம். அறைக்கு ஒரு பெயர் வைத்தால் போதும், அறை பிறந்துவிடும். 2023 ஆகஸ்டில் இந்நிலை மாறியது. பொதுத்தளத்தில் அறையைத் திறப்பவர் கூகுள், பேஸ்புக், கிட்ஹப் ஆகியவற்றுள் ஒன்றின் கணக்கோடு நுழையவேண்டும் என்றாயிற்று. தீய பயன்பாடு பெருகியதே காரணம் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. ஆயினும் நற்றிணைக் கூடத்தின் சாவி வேறொரு பெருநிறுவனத்தின் கணக்கோடு பிணைக்கப்படுவதில் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அப்போது கணினி ஆய்வகத்தில் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய தம்பி ஒருவர்தான் வழி சொன்னார். "அதே சாப்ட்வேரை நாமளே நம்ம மெஷின்ல போட்டுக்கலாங்கய்யா. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மாதான் கெடக்குது. எட்டு ஜிபி ராம் இருக்குதுங்க, போதும்." டெபியன் இயங்குதளத்தின்மேல் ஜிட்சியை நிறுவுவது ஒரே மாலையில் முடிந்தது. அதன் வாயில்களை அமைக்க மூன்று வாரம் ஆயிற்று.

*

முதலில் முகவரிச் சிக்கல். எங்கள் கல்லூரிக் கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகள். 1996இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் ஒன்று மூன்று முகவரித் தொகுதிகளை உள்ளகப் பயன்பாட்டுக்கென ஒதுக்கியது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையானவை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யாரும் யாரையும் கேளாமல் பயன்படுத்தலாம். எனவே எங்கள் வழங்கியின் முகவரியே அடுத்த தெரு மளிகைக்கடைக் கணினிக்கும் இருக்கலாம். மதுரையிலும் மாஸ்கோவிலும் இருக்கலாம். ஒன்றோடொன்று மோதுவதில்லை, ஏனெனில் இவை தம் சுவருக்கு வெளியே செல்வதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. அகத்திணையில் வருவோரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய மரபு. தலைவனுக்கும் தலைவிக்கும் ஊரும் நிலமும் உண்டு, பெயர் இல்லை, எவராகவும் இருக்கலாம். புறத்திணையிலோ பெயர் உண்டு, குடி உண்டு, இன்ன மலைக்குத் தலைவன் என்னும் அடையாளம் உண்டு. அதுபோன்ற புறமுகவரி ஒன்றை இணைய இணைப்புத் தரும் நிறுவனம் எங்கள் கல்லூரிக்கு நிலையாக வழங்கியிருந்தது. உலகில் வேறெவருக்கும் அம்முகவரி இல்லை. அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே ரூட்டர் எனும் திசைவி அமர்ந்திருக்கிறது. வெளியே செல்லும் ஒவ்வொரு மடலிலும் அகமுகவரியை நீக்கிப் புறமுகவரியை எழுதுவதும், மறுமொழி வந்தால் உரியவரிடம் சேர்ப்பதும் அதன் பணி. நாம் எழுதிய மடலுக்கு வரும் மறுமொழியை அது அறியும். அழையாது புறத்திலிருந்து வருபவரை எந்த அறைக்கு அனுப்புவது என்பதை அது அறியாது. அதை நாம்தான் அதற்குச் சொல்லிவைக்கவேண்டும்.

சொல்லும்போது எண் சொல்லவேண்டும். ஒவ்வொரு முகவரிக்கும் 0 முதல் 65535 வரை போர்ட்டுகள் உண்டு. தமிழில் துறை என்று எழுதுவர். நீராடும் துறை, ஓடத்துறை, புறப்பாடலின் துறை, நாங்கள் சம்பளம் வாங்கும் துறை என்று ஏற்கெனவே பலவற்றைச் சுமக்கும் சொல், இதையும் சுமந்துகொண்டது. எங்கள் வழங்கிக்குத் திறக்கவேண்டியவை சிலவே. உலாவியில் பக்கம் தோன்ற 443. பாதுகாப்புச் சான்றிதழ் பெறுகையில் இத்தளம் எங்களுடையதே என்று மெய்ப்பிக்க 80. குரலும் முகமும் பயணிக்க 10000. நேர்வழி அடைபட்டவர்களுக்கென 3478, 5349. இவை தவிர நிர்வாகிகள் உள்ளே வந்து பணிசெய்ய 22. மற்ற அனைத்தையும் ஃபயர்வால் எனும் காவலரண் மூடிவைக்கும். வெளியூரிலிருந்துகொண்டு காவலரணை இயக்குபவர் 22ஐ முதலில் அனுமதித்துவிட்டே இயக்கவேண்டும். இல்லையேல் அவரே வெளியே நிற்பார். பூட்டுமுன் சாவி கையில் இருக்கிறதா என்று பார்க்கும் வீட்டு வழக்கம்தான் இது.

துறைகளைத் திறந்த அன்று சோதித்துப் பார்த்தோம். எங்களில் ஒருவர் கல்லூரியில், மற்றவர் வீட்டில். குரலும் முகமும் துல்லியமாக இருந்தன. மூன்றாமவர் நுழைந்தார். அந்தக் கணமே எல்லோருடைய முகங்களும் மறைந்து, குரல்களும் அவிந்தன. அவர் விலகியதும் இருவர் பேச்சு மீண்டும் உயிர்பெற்றது. இதை நான்கைந்து முறை செய்து பார்த்தும் மாற்றமில்லை. தம்பி சிரித்துக்கொண்டே விளக்கினார்: "ரெண்டு பேர் பேசறப்போ நம்ம சர்வர் நடுவுல இல்லீங்கய்யா. அவங்க ரெண்டு பேரும் நேராவே பேசிக்கறாங்க. மூணாவது ஆள் வந்தாத்தான் எல்லாம் சர்வர் வழியாப் போகுது. இப்பத்தான் அதுக்கு வேலையே வருது."

இருவருக்கு இடையே தூது வேண்டியதில்லை, மூவரானால் வேண்டும். வீடியோ பிரிட்ஜ் எனப்படும் பாலம் அந்தப் பணியைச் செய்கிறது. அது எல்லோருடைய படங்களையும் கலந்து ஒன்றாக்குவதில்லை. ஒருவரிடமிருந்து வருவதை வாங்கி, மற்றவர்களுக்கு வேண்டியதைத் தேர்ந்து அனுப்புகிறது. அதனால்தான் பழைய கணினியே போதுமானதாக இருக்கிறது. இணைப்பின் அகலம்தான் மிகுதியாகத் தேவைப்படுகிறது. மடல்கள் பாலத்தை அடையும் முறை யுடிபி எனப்படுவது. 1980இல் வகுக்கப்பட்ட எளிய நெறி. டிசிபி என்னும் மற்றொரு நெறி ஒப்புகை அட்டையோடு செல்லும் பதிவஞ்சல் போன்றது. சேராததை மீண்டும் அனுப்பும். யுடிபியோ சாதாரண அஞ்சல், போனது போனதுதான். பேச்சுக்கு இதுவே உகந்தது. ஓர் அசை தவறினால் காது அதை ஊகித்துக்கொள்ளும். தவறிய அசைக்காக வாக்கியம் முழுவதும் காத்து நின்றால் உரையாடல் நின்றுபோகும். காவலரணில் 10000ஐத் திறக்கையில் யுடிபி என்று தனியே குறிப்பிடவேண்டியது இதனால்தான்.

துறை திறந்திருந்தும் பாலத்தில் பேச்சு செல்லாததற்குக் காரணம் முகவரியே. அறைக்குள் வருவோரிடம் பாலம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அது அறிந்ததோ தன் அகமுகவரி ஒன்றைத்தான். 192.168இல் இருக்கிறேன், வாருங்கள் என்று சிங்கப்பூரில் இருப்பவரிடம் சொன்னால், அவர் தம் வீட்டுக்குள்ளேயே அந்த முகவரியைத் தேடுவார். அதன் அமைப்புக் கோப்பில் உன் அகமுகவரி இது, புறமுகவரி இது என்று இரண்டையும் எழுதிக்கொடுத்தோம். அதற்குப்பின் மூன்றாமவர் வந்தார், நான்காமவர் வந்தார், பேச்சு தடைபடவில்லை. கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் வேறொரு தடை. உள்ளிருந்துகொண்டே புறப்பெயரைச் சொல்லி அழைத்தால் எங்கள் திசைவி திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அதே பெயரை அகமுகவரியோடு இணைத்துத் தனியே ஒரு குறிப்பு வைத்தோம்.

இன்னும் சிலர் எஞ்சினர். பழைய மாணவி ஒருவர் அலுவலகத்திலிருந்து இணைபவர். அந்த அலுவலகத்தின் காவலரண் யுடிபியை அறவே விடாது. இத்தகையோருக்கென இடைநிலை வழங்கி ஒன்று உண்டு. நேரே செல்ல இயலாதவற்றை அது வாங்கி, அனுமதிக்கப்பட்ட வேறொரு வழியில் கொண்டுசேர்க்கும். மருதப் பாடல்களில் ஊடிய தலைவிக்கும் தலைவனுக்கும் நடுவே பாணனும் தோழியும் விறலியும் சென்று பேசுவார்கள். அவர்களுக்கு வாயில்கள் என்றே பெயர். வாயில் வேண்டல், வாயில் மறுத்தல், வாயில் நேர்தல் என்று துறை வகுத்தனர் முன்னோர். காவலரணின் பதிவேட்டைத் திறந்தால் இன்று அங்கே காண்பதும் இம்மூன்றே: வேண்டியவர் இன்னார், மறுத்தது இன்ன துறை, நேர்ந்தது இன்ன துறை.

*

வாயில் திறந்துவிட்டது. இனி அவையை நடத்துபவர் யார்? ஜிட்சியின் இயல்பான அமைப்பில் இதற்கு விடை எளிது. முதலில் வந்தவரே தலைவர். மற்றவர்களின் ஒலியை அடைக்கவும் வெளியேற்றவும் அவரால் முடியும். நண்பர்கள் கூடும் திண்ணைக்கு இது பொருந்தும். மாணவியர் அமரும் வகுப்புக்குப் பொருந்தாது.

இதை மாற்றும் இடம் ஒரு சிறு மென்பொருள். யார் எவர் என்று அறிந்து உள்ளே விடும் பணியை ஜிட்சியில் செய்வது அதுவே. அதன் பெயரைத் தம்பி சொன்னபோது எங்கள் துறை அறையில் சற்றுநேரம் மகிழ்ச்சி நிலவியது. பெயர் பிராசடி. நாங்கள் ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் கற்பிக்கும் யாப்புக்கு ஆங்கிலப் பெயர் அது. யாத்தல் என்றால் கட்டுதல். எவரை எதனோடு கட்டுவது என்று தீர்மானிக்கும் மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

பிராசடியின் அமைப்புக் கோப்பில், பெயர் தெரியாத எவரும் வரலாம் என்று இருந்த வரியை மாற்றி, கணக்கும் கடவுச்சொல்லும் உடையவரே அறையைத் திறக்கலாம் என்று எழுதினோம். கடவுச்சொற்கள் அங்கே உள்ளபடி சேமிக்கப்படுவதில்லை. மீட்டெடுக்க இயலாதவாறு உருமாற்றப்பட்டே இருக்கின்றன. விருந்தினர்க்கென இரண்டாவது களம் ஒன்றை உருவாக்கினோம். அதில் கணக்கு வேண்டியதில்லை. அக்களத்தின் பெயர் வழங்கிக்குள் மட்டும் புழங்குவது, வெளியுலகம் அதை அறியவேண்டியதே இல்லை. அறைகளைக் கூட்டும் ஜிகோஃபோ என்னும் பகுதிக்கும், உலாவிக்குச் செல்லும் கோப்புக்கும் இந்த ஏற்பாட்டைத் தெரிவித்தோம். இப்போது விருந்தினர் எவர் முதலில் வந்தாலும், அவை நடத்துபவர் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்னும் செய்தியைக் காண்பார். ஆசிரியர் வந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபின்தான் அறை திறக்கும். எழுபது கடந்த எங்கள் ஆசிரியர் ஒருவர் கணக்கு எதுவும் இல்லாமல் சுட்டியைத் தொட்டு உள்ளே வருகிறார். அயலான் ஒருவன் அறையின் பெயரை அறிந்திருந்தாலும், ஆளற்ற அறையைத் தனதாக்கிக்கொள்ள அவனால் இயலாது.

*

அவைத்தலைவருக்கு மேல் ஓர் அதிகாரம் இருக்கிறது. வழங்கியின் ரூட் அதிகாரம். ரூட் என்றால் வேர். அதைப் பெற்றவர் எந்தக் கோப்பையும் படிக்கலாம், எந்தக் கணக்கையும் உண்டாக்கலாம், அழிக்கலாம். எங்களைச் சிந்திக்கவைத்த செய்தி வேறு. பேச்சும் படமும் இணையத்தில் மறையாக்கம் பெற்றே செல்கின்றன. வழியில் நிற்பவர் எவரும் கேட்கமுடியாது. ஆனால் பாலத்துக்குள் நுழைந்ததும் மறை விலகி, அடுத்தவருக்கு அனுப்பும்போது மீண்டும் மறையாக்கப்படுகின்றன. இரு முனைகளுக்கு மட்டுமே விளங்கும் மறையாக்கம் ஜிட்சியில் உண்டெனினும் அதைத் தனியே இயக்கவேண்டும். எல்லா உலாவிகளிலும் அது இயங்குவதில்லை. ஆகவே வேரைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் ஒட்டுக்கேட்க இடமுண்டு. பெருநிறுவனத்தை நம்பவேண்டாம் என்று சொந்த வழங்கி வைத்தோம். நம்பிக்கை என்னும் பிரச்சினை அதனால் தீர்ந்துவிடவில்லை. எங்கள் கல்லூரிக்குள்ளேயே வந்து அமர்ந்துகொண்டது.

இதில் எங்களைவிடக் கண்டிப்பாக இருந்தவர் அந்தத் தம்பிதான். ரூட் என்னும் பெயரில் நேரடியாக நுழைவதை முதல் நாளே தடுத்துவிட்டார். நிர்வாகம் செய்வோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர். வேண்டும்போது மட்டும் சூடோ என்னும் கட்டளையால் மேலதிகாரம். யார் எப்போது அதைப் பயன்படுத்தினார் என்பது பதிவேட்டில் நிற்கும். கடவுச்சொல்லால் நுழைவதை நீக்கி, அவரவர் கணினியில் வைத்திருக்கும் மறைச்சாவியால் மட்டுமே நுழையும்படி செய்தார். தொடக்கத்தில் ஓரிரு நாள்கள் 22ஆம் துறையைப் புறத்துக்கும் திறந்திருந்தோம். அதற்குள் ரூட், அட்மின், டெஸ்ட் என்று வரிசையாகப் பெயர் சொல்லித் தட்டியவர்களின் வரிகள் பக்கம் பக்கமாகப் பதிவேட்டில் இருந்தன. தட்டியவை மனிதர்கள் அல்லர், இணையம் முழுதும் கதவு கதவாகத் தட்டித் திரியும் நிரல்கள். அதன்பின் 22 கல்லூரிக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும்.

நிர்வாகச் சாவி மூவரிடம் இருக்கட்டும் என்றார் அவர். தமிழ்த்துறையில் இருவர், ஆய்வகத்தில் தாம். "எல்லாம் உங்க கையிலேயே இருக்கட்டும் தம்பி, எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றோம். "நாளைக்கு நான் இங்க இருப்பனான்னு எனக்கே தெரியாதுங்கய்யா. வருஷா வருஷம் ஆர்டர் போட்டாத்தான் எனக்கு வேலை" என்றார். தளத்தின் பெயரைப் பதிவுசெய்த கணக்கையும் தம் மின்னஞ்சலில் வைக்காமல் துறையின் பொது மின்னஞ்சலில் வைத்தார். 90 நாள்களுக்கு மட்டுமே செல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்தார். எந்தக் கோப்பில் எந்த வரி என்று இருநூறு பக்க நோட்டு ஒன்றில் தமிழில் எழுதிவைக்கச் சொன்னவரும் அவரே. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம்.

2025 ஏப்ரலோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கப்படவில்லை. துறை சார்பில் எழுதிக்கொடுத்தும் பயனில்லை. கடைசி நாளன்று மாலை அவர் எங்கள் அறைக்கு வந்து, "நான் போறதுக்குள்ள என்னோட பேரை எடுத்துருங்கய்யா" என்றார். அவசரமில்லை என்றோம். "இல்லீங்கய்யா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு நடந்தா உங்களுக்கும் சந்தேகம் வரக்கூடாது, எனக்கும் மனசு உறுத்தக்கூடாது" என்றார்.

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, ஒவ்வொன்றாகச் செய்தோம். அனுமதிக்கப்பட்ட சாவிகளின் பட்டியலிலிருந்து அவருடைய வரியை நீக்கினோம். அவருடைய பயனர் பெயரை அழித்தோம். பிராசடியில் இருந்த அவை நடத்துநர் கணக்கை எடுத்தோம். திசைவியின் நிர்வாகக் கடவுச்சொல் அவரும் அறிந்தது. அதை மாற்றியபோது எழுந்து போய்ச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு தம் மடிக்கணினியிலிருந்து உள்ளே நுழைய முயன்று, அனுமதி இல்லை என்ற வரியை எங்களுக்குக் காட்டினார். "சரியா இருக்குதுங்கய்யா" என்றார். கட்டியவரே வெளியே நிற்பதைச் சரி என்று சொல்லவேண்டியிருந்த அந்த மாலையில், கல்லூரி அவருக்குக் கொடுத்ததைவிட அவர் கல்லூரிக்குக் கொடுத்தது அதிகம் என்று எங்களுக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவும் செய்தோம். அவர் மறுமொழி கூறவில்லை.

அவருடைய இடத்தில் இயற்பியல் துறை அம்மையார் ஒருவர் இப்போது மூன்றாம் சாவியை வைத்திருக்கிறார். நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் எழுதப்படாமல் இருக்கிறது. தம்பி திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். படித்தது தமிழ் இல்லையென்றாலும், சோதனை நாள்களில் கேட்டுக் கேட்டு நற்றிணையில் அவருக்கு ஓர் ஈடுபாடு வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது வருகிறார். கணக்கு இல்லாத விருந்தினராக, மற்றவர்களோடு காத்திருந்து, நாங்கள் அறையைத் திறந்தபின் நுழைகிறார். "வாங்க தம்பி" என்கிறோம். சென்ற வாரம் இரண்டும் பாலைப் பாடல்கள். அவர் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். உரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேலே வாசித்தோம்.